நான் கூட்டிய இரண்டு

என் வேலை வானத்தைப் பார்ப்பது. பிளேன் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பிளேன் போனதும் விட வேண்டும். அவ்வளவுதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை எழுதச் சொன்னது நிலையத்தில் இருக்கிற இன்ஜினியர் அம்மா. எழுதினால் மனசுப் பாரம் இறங்கும் என்றார். இறங்குமா என்று தெரியாது. எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, கடலுக்குப் பக்கத்தில் நிலையம் இருக்கிறது. வெள்ளையாக உருண்டைக் கூரை. அது நடுவில் பிளந்து திறக்கும். உள்ளே பெரிய தூரக்கண்ணாடி. அதன் வழியாக லேசர் வெளிச்சத்தை மேலே அனுப்புவார்கள். மேலே போகிற சாட்டிலைட்டில் பட்டு அது திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, சாட்டிலைட் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். படகிலும் லாரியிலும் போனிலும் நாம் நிற்கிற இடத்தைக் காட்டுகிறதே, அந்த சாட்டிலைட்டுகளைத்தான் அளக்கிறார்கள். நமக்கு இடம் சொல்லுகிறவன் நிற்கிற இடம் முதலில் சரியாகத் தெரிய வேண்டும் அல்லவா. அதற்கு.

அந்த வெளிச்சம் பிளேன் ஓட்டுகிறவர் கண்ணில் படக் கூடாது. பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் நிற்கும். பிளேனைக் கண்டுபிடிக்க மிஷினும் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விதி. அந்த ஆள் நான்.

வேலைக்குச் சேரும்போது அந்த இன்ஜினியர் அம்மாதான் கேட்டார்.

"தூரத்துல கண்ணு தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்."

"எவ்வளவு தூரம்?"

கடலில் ஒரு கப்பல் நின்றது. அதன் பின்பக்கம் ஒரு ஆள் துணி காயப்போடுகிறான் என்று சொன்னேன். அவர் பைனாகுலர் எடுத்துப் பார்த்தார். சேர்த்துக்கொண்டார்.

அவர் விளாத்திகுளம் பக்கம். மானாவாரிக் கரிசல்காட்டுப் பெண். கடலைப் பார்த்தால் பயம். நிலையத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் காலை நனைத்ததில்லை.

மேலே போகிற வெளிச்சம் எப்படிச் சரியாக நம்மிடமே திரும்பி வருகிறது என்று ஒரு நாள் கேட்டேன். சாட்டிலைட்டின் உடம்பில் கண்ணாடி பதித்திருக்கிறார்களாம். சும்மா தட்டையான கண்ணாடி இல்லை. மூன்று கண்ணாடி ஒரு மூலையில் கூடுகிற மாதிரி வெட்டியது. எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனாலும் வந்த வழியே திருப்பி விட்டுவிடும். மேஜை டிராயரிலிருந்து அந்த மாதிரி ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

உள்ளே பார்த்தேன். என் கண் தெரிந்தது. சாய்த்தேன். கண் அங்கேயேதான் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் என் கண்தான், என்னையே பார்த்துக்கொண்டு.

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"கோடி கோடியா அனுப்புறோம் அண்ணாச்சி. ஒண்ணு ரெண்டுதான் திரும்பி வருது. சில நேரம் ஒண்ணுமே வராது" என்றார்.

"வராட்டி என்ன செய்வீக?"

"அனுப்பிக்கிட்டே இருப்போம்."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். பனைக்காடு. எங்கள் ஆட்களில் கையில் காசு இருந்தவர்கள் கடை வைத்தார்கள். எங்களிடம் இல்லை. தம்பிக்குக் கடல் மேல் பைத்தியம். மீன்பிடிக்கிற ஒருவரிடம் கூலிக்குப் போய்த் தொழில் பழகினான். பிறகு ஒரு பழைய பைபர் படகை வாங்கினோம். கடற்கரைக்காரர்கள் சிரித்தார்கள். "பனையேறி கடலேறப் போறான்லே" என்றார்கள். தம்பி பதில் சொல்ல மாட்டான். மீனோடு வருவான்.

இங்கே கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். அந்தக் காலத்தில் முத்துச் சிப்பி எடுத்தது இந்தப் பார்களில்தான். இப்போது முத்து இல்லை. மீன் உண்டு. விளமீன், கலவா, பாறைமீன். ஒரு நல்ல பார் தெரிந்தவனுக்குப் பஞ்சம் இல்லை. அதனால் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

முன்பெல்லாம் கோயில் கோபுரத்தையும் மாதாகோவில் உச்சியையும் வைத்து அடையாளம் பார்ப்பார்கள். இப்போது ஜிபிஎஸ். வடக்கு எண் ஒன்று, கிழக்கு எண் ஒன்று, இரண்டும் தெரிந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கலாம். எண்தான் சொத்து.

ஆனால் கடலில் நிற்கிறவன் எங்கே நிற்கிறான் என்று கரையில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். வயர்லெஸ்ஸில்தான் சொல்ல முடியும். வயர்லெஸ் எல்லாப் படகுக்கும் கேட்கும். அதனால் எல்லோரும் பொய் எண் சொல்லுவார்கள். வீட்டு ஆளுக்கு மட்டும் தெரியும், எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று. ஒரு வீட்டுக்கு ஒன்று கூட்டுவது. ஒரு வீட்டுக்கு மூன்று கழிப்பது. எங்களுக்கு வடக்கு எண்ணில் இரண்டு கூட்டுவது. முன்னால் வருகிற எட்டு எங்கள் கடலில் மாறாது, அதற்கு அடுத்ததை மட்டும் சொல்லுவோம். தம்பி முப்பது என்றால் முப்பத்திரண்டு.

இது தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. இதுதான் தொழில்.

எனக்கு முழங்கால் போனபிறகு நான் கரையில் இருந்தேன். ஏலத்தில் மீனைப் போடுவது என் வேலை. வயர்லெஸ் என் வீட்டில் இருந்தது. தம்பி தனியாகப் போனான். ஆள் கூட்டிப் போனால் பார் எங்கே என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தனியாகப் போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் அதைத்தான் விரும்பினேன்.

அன்றைக்குக் காலையில் கூப்பிட்டான்.

"யண்ணே, புதுசா ஒண்ணு மாட்டியிருக்கு. நல்ல பாரு. நூலு போட்ட கையோட இழுக்கு."

"எங்கன?"

"வந்து சொல்லுதேன்."

சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

மத்தியானத்துக்குக் கச்சான் காற்று ஏறிவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று. ஆட்களைக் கிழக்கே, வெளிக்கடலுக்குத் தள்ளும். மறுபடி கூப்பிட்டான்.

"யண்ணே, இஞ்சின் நின்னுட்டு. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு. யாரையாவது இழுக்க அனுப்பு. எழுதிக்கோ. எட்டு, முப்பத்தெட்டு புள்ளி நாலு ஏழு ரெண்டு. எழுவத்தெட்டு, பதினெட்டு புள்ளி ஒம்போது ஒண்ணு அஞ்சு."

"தண்ணி ஏறுதா?"

"கொஞ்சம். சீக்கிரம் அனுப்பு."

அவன் குரலில் பயம் இல்லை. அது என்னை ஏமாற்றிவிட்டது.

நான் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும். என்ன யோசித்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். புதுப் பார். இப்போது எண்ணைச் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன்.

அதற்குள் வயர்லெஸ்ஸில் ஒருவர் கேட்டார். அவன் சொன்னது எல்லாப் படகுக்கும் கேட்டிருக்கிறது.

"வே, உம்ம தம்பி ஒரு நம்பர் சொன்னானே. உள்ளது என்ன?"

அவர்களும் அதைப் பொய் எண் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதுதானே நடக்கிறது.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். உண்மை என்று நினைத்ததைச் சொன்னேன்.

"ரெண்டு கூட்டிக்கோங்க. நாப்பது."

மூன்று படகுகள் நாற்பதுக்குப் போயின. பிறகு தேடுகிற கப்பலும் வந்தது. அவர்களுக்கும் அதே எண்ணைக் கொடுத்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அங்கேயிருந்து காற்று தள்ளுகிற பக்கம் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் சுற்று முழுக்கத் தேடினார்கள். மூன்றாம் நாள் வெளிக்கடலில் ஒரு விசைப்படகுக்காரர் எங்கள் படகைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்தது. ஜிபிஎஸ் கட்டின இடத்தில் அப்படியே இருந்தது. தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. தம்பி இல்லை.

அவன் பெண்டாட்டி என்னிடம் கேட்டாள்.

"நம்பர் சொன்னாக. போனாக. ஏன் அத்தான் ஆளைக் காணும்?"

நான் சொன்னேன்: "ஜிபிஎஸ் தப்பாக் காட்டிட்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். எண் சரி, ஆள் இல்லை என்றால் மிஷின்தான் தப்பு. மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவில்லை.

அவள் விடவில்லை. அந்த ஜிபிஎஸ்ஸை விற்றது எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி. துறைமுகச் சாலையில் கடை. வலை, நூல், லைட், ஜிபிஎஸ் எல்லாம் விற்பார். அவர் கடை வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என் புருசனக் கொன்ன மிஷினு இங்கன வாங்கினது" என்று கத்தினாள். கூட்டம் கூடியது. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு படகுக்காரர்கள் அந்தக் கடையில் ஜிபிஎஸ் வாங்குவதில்லை. ராசி இல்லாத கடை என்று பேர் வந்துவிட்டது. அவர் நூலும் தூண்டிலும் விற்றுக்கொண்டு இருந்தார்.

படகை விற்றோம். அவள் துறைமுகம் போகிற சாலையில் லாரிக்காரர்களுக்கு இட்லிக் கடை போட்டாள். நான் அங்கே இங்கே வேலை பார்த்தேன். கடலுக்குப் போகவில்லை. வயர்லெஸ்ஸை மட்டும் விற்கவில்லை. வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். என் மனைவி திட்டுவாள். அணைத்தாலும் எனக்குக் கேட்கும். குளிக்கும்போது கேட்கும். முப்பத்தெட்டு புள்ளி நாலு ஏழு ரெண்டு. அதே சத்தம், அதே மாதிரி, நிதானமாக.

நிலையத்தில் வேலை கிடைத்த செய்தி கடை அண்ணாச்சிக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கடையிலிருந்து இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"சாட்டிலைட்ட அளக்குத இடத்துல வேலையாமே?"

"ஆமா."

"அளவு எல்லாம் எழுதி வச்சிருப்பாங்கள்ல?"

"இருக்கும்."

"அன்னைக்கு அது தப்பா இருந்துச்சான்னு கேட்டுச் சொல்லும். இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லும். நான் கடைய மூடிட்டுப் போறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லும். மண்ணு விழுந்த வாசல்ல எத்தன நாளைக்குவே உக்காந்துட்டு இருக்க?"

கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. தினமும் அந்த அம்மா முன்னால் நின்று வணக்கம் சொல்லுவேன். கேட்கவில்லை. அவர் கடைப் பக்கம் போகாமல் உப்பளம் வழியாகச் சுற்றிப் போனேன்.

இத்தனை வருஷமும் அந்த முப்பத்தெட்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பகல் பதினோரு மணி இருக்கும். கூரை திறந்திருந்தது. வடக்கேயிருந்து ஹெலிகாப்டர் வந்தது. பொத்தானை அமுக்கினேன். கடல் மேல் போயிற்று. அங்கே போய் நேர் கோடாகப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. வயலில் உழுகிற மாதிரி. எனக்குத் தெரியும் அது என்ன என்று. யாரோ ஒரு படகைத் தேடுகிறார்கள்.

ஹெலிகாப்டர் போய்விட்டது. என் விரல் எழவில்லை.

கீழேயிருந்து அந்த அம்மா ஓடி வந்தார். "என்ன அண்ணாச்சி? எங்க இருக்கு பிளேன்?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அமுக்கிட்டு இருக்கீங்க? சாட்டிலைட் கீழ இறங்கப் போகுது. ஒரு அளவு கூட எடுக்கல."

விரலை எடுத்தேன். வெள்ளையாகிப் போயிருந்தது.

திட்டத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது கேட்டேன். தேதியைச் சொன்னேன். அன்றைக்கு சாட்டிலைட் தப்பாகக் காட்டியிருக்குமா என்று கேட்டேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். கூட்டினதைச் சொல்லவில்லை.

அவர் கீழே போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தார். இந்த மாதிரி நிலையம் உலகத்தில் பல இடத்தில் இருக்கிறதாம். எல்லோரும் அளந்ததை ஒரே இடத்தில் போட்டு வைப்பார்களாம். வெகுநேரம் பார்த்தார். காகிதத்தில் ஒரு போன் நம்பரை எழுதி யாரிடமோ பேசினார். கம்ப்யூட்டரில் இருந்த அளவை எண் எண்ணாகப் படித்தார். முழுசாகப் படித்தார். புள்ளிக்குப் பிறகு இருந்த அத்தனையையும், ஒன்றுகூட விடாமல். அந்தப் பக்கம் இருந்தவர் திருப்பிச் சொன்னார் போல. "ஆமா, கடைசி அஞ்சு" என்றார்.

தம்பி சொன்னதிலும் கடைசி அஞ்சுதான்.

தம்பி பொய் எண் சொல்லும்போது முப்பது என்பான். முப்பத்து மூன்று என்பான். அவ்வளவுதான். பொய்க்கு எதற்குப் புள்ளி? கிழக்கு எண் சொல்லவே மாட்டான். அன்றைக்கு மட்டும்தான் இரண்டையும் சொன்னான். கடைசி எண் வரை படித்தான். எழுதிக்கோ என்று சொன்னான். ஒரு நாளும் எழுதிக்கோ என்று சொன்னதில்லை. வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கிறான். எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்த அம்மா போனை வைத்தார்.

"அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு அண்ணாச்சி. அளந்த சாட்டிலைட் ஒண்ணுகூட ஒரு சாண் தப்பல. படகுல இருக்கிற ஜிபிஎஸ் பத்தடி இருபதடி தப்பாக் காட்டும். அதுக்கு மேல தப்பாது."

"நாலு கிலோமீட்டர்?"

"நாலு கிலோமீட்டரா? எப்படித் தப்பும்?"

எண்ணில் இரண்டு கூட்டினால் கடலில் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர்.

மறுநாள் காலை இட்லிக் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. நின்றேன். அவள் தட்டு கொடுத்தாள். வேண்டாம் என்றேன்.

"ஜிபிஎஸ் சரியாத்தான் இருந்திருக்கு."

அவள் கரண்டியை வைக்கவில்லை. "யாரு சொன்னா?"

"நிலையத்துல பாத்துச் சொன்னாக. அவன் உள்ள நம்பரைத்தான் சொல்லியிருக்கான்னு நினைக்கேன். நான் பழக்கத்துல ரெண்டு கூட்டிட்டேன்."

ஒரு லாரிக்காரன் சட்னி கேட்டான். ஊற்றினாள். இன்னொருவனுக்கு இட்லி வைத்தாள். அவன் சாப்பிட்டு எழுந்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நினைக்கீகளா, தெரியுமா?"

"நினைக்கேன்."

"எப்படித் தெரிஞ்சுக்கணும்?"

"ரெண்டு எடத்துக்கும் போயி ஈயக்குண்டு போட்டுப் பாக்கணும். எங்கன பாறை இருக்கோ அங்கனதான் அவன் இருந்தான். பாருன்னு சொன்னான்."

"எப்பப் போறோம்?"

"நீ எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

படகு வேண்டும் என்று, அன்றைக்குத் தேடப்போன மூன்று பேரில் ஒருவரைக் கேட்டேன். வயர்லெஸ்ஸில் உள்ளது என்ன என்று கேட்டவர் அவர்தான். கடற்கரைக்காரர். ஒத்துக்கொண்டார். அவளைக் கரையில் பார்த்ததும் முகம் மாறியது.

"பொம்பள படகுல ஏறப்படாதுவே. மீனு படாது."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். "மூணு நாளா உமக்கு மீனு படலன்னு ஊரே சொல்லுது. நானா வந்து ஏறுனேன்?"

அவர் இஞ்சினைக் கிளப்பினார்.

நான் கடலுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நாற்பது. நான் சொன்ன இடம். இஞ்சினை அணைத்தார். ஈயக்குண்டை விட்டேன். பதினைந்து பாகம் போனது. ஒரு பாகம் என்றால் ஆறடி. மெத்தென்று உட்கார்ந்தது. இழுத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. குண்டில் சேறு.

"இங்கன சேறுதான். எனக்கே தெரியுமே" என்றார் படகுக்காரர்.

தள்ளித் தள்ளி நாலு இடத்தில் போட்டேன். சேறு. அவள் குண்டை வாங்கி ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு முப்பத்தெட்டு புள்ளி நாலு ஏழு இரண்டு. எண் வரும்வரை மெதுவாகப் போனோம். நான்தான் படித்துக்கொண்டே வந்தேன். நாலு ஆறு ஒன்பது. நாலு ஏழு பூஜ்யம். நாலு ஏழு ஒன்று. என் வாயில் அவன் சத்தம் வந்தது. நிறுத்தச் சொன்னேன்.

குண்டை விட்டேன். ஒன்பது பாகத்திலேயே நின்றது. டக்கென்று நின்றது. நூல் வழியாக விரலுக்கு வந்தது. தூக்கிப் போட்டேன். டக். மறுபடி. டக். குண்டை மேலே எடுத்தேன். சேறு இல்லை. ஈயத்தில் புதிதாக ஒரு கீறல்.

அவள் கீறலைத் தொட்டுப் பார்த்தாள்.

படகுக்காரர் என் கையிலிருந்து நூலை வாங்கி அவரே போட்டுப் பார்த்தார். முகம் பிரகாசமாகிவிட்டது. பிறகு அவளைப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். "நாப்பது வருசமா இந்தக் கடல்ல கிடக்கேன். இது எனக்குத் தெரியாதுவே" என்றார்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டாள்.

"படகுக வந்திருந்தா எவ்வளவு நேரத்துல வந்திருக்கும்?"

"ஒரு மணி நேரம்."

"உங்க தம்பிக்குத் தெரியும்ல, நம்பர் சரியாச் சொல்லியாச்சுன்னு?"

"தெரியும்."

"அப்ப படகு வரும்னு மேற்கையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாக."

அவள் அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் வயர்லெஸ்ஸைக் கை காட்டினாள்.

"சொல்லுங்க."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். இந்த நம்பர, முழுசா. அவுக சொன்ன மாதிரி."

படகுக்காரர் பதறிவிட்டார். "ஏம்மா, வேண்டாம்மா. எப்பேர்ப்பட்ட பாரு. நமக்குள்ள இருக்கட்டும். வர்றதுல பாதி உனக்கு. சத்தியமா."

"இத மறைக்கத்தான தனியா வந்தாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் வயர்லெஸ்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் பேசினேன். எங்கே நிற்கிறோம் என்று சொன்னேன். இங்கே பார் இருக்கிறது, ஒன்பது பாகம், அன்றைக்கு என் தம்பி நின்றது இங்கேதான், நான் தப்பாக இரண்டு கூட்டிவிட்டேன், ஜிபிஎஸ் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். இரண்டு எண்ணையும் கடைசி வரை படித்தேன். திருப்பி ஒரு தடவை படித்தேன்.

வயர்லெஸ் இரைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. இளவட்டப் பையன் குரல்.

"அண்ணாச்சி, இதுல எத்தன கூட்டணும்?"

இன்னொருவன் சிரித்தான். "கழிக்கணும்லே."

"ஒண்ணும் வேண்டாம். உள்ளதுதான்" என்றேன்.

"சரி சரி" என்றான். மறுபடியும் சிரிப்பு. பிறகு அவர்கள் மீன் விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கரைக்கு வந்ததும் அவள் நேரே அண்ணாச்சி கடைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அவர் கடையில் வயர்லெஸ் எப்போதும் ஓடும். கேட்டிருக்கிறார். எழுந்து நின்றார். அவள் படியில் ஏறாமல் நின்றாள்.

"அன்னைக்கு மண்ணு போட்டது தப்பு அண்ணாச்சி."

"உக்காரும்மா" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவளுக்கு சோடா உடைத்துக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. அதன்பிறகு இன்றைக்கு வரை என்னைப் பார்க்கவில்லை. அது நியாயம்.

அவள் பேசுகிறாள். போனால் இட்லி வைப்பாள். அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் முன்பு என் தட்டைக் கழுவ வாங்கிக்கொள்வாள். இப்போது நானே கழுவி வைக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நாற்காலி கிழக்கே பார்த்துத்தான் கிடக்கிறது. வெயில் ஏற ஏறப் படகுகள் வெளியே போயின. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில தெற்கே போயின. சில வடக்கே போயின. அந்தப் பார் இருக்கிற திசைக்கு ஒரு படகுகூடப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. எங்களைக் கூட்டிப் போனவர்கூட, ஆள் செத்த பார் என்று, அந்தப் பக்கம் திரும்புவதில்லை. இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர் ஒருவரும் நம்பவில்லை.